மாமாவின் மனுவில் பெருமாள் இல்லை

1998, வைகாசி, வெள்ளிக்கிழமை இரவு.

இன்று நடந்ததை உண்மை மாறாமல் எழுதப் போகிறேன். இந்த வீட்டில் ஒருவராவது அப்படி எழுத வேண்டும்.

சிங்கப்பூருக்குப் பட்டுப்புடவை விற்கப் போன மாமா, அக்கா கல்யாணத்துக்குத் தங்கச் சங்கிலி வாங்கி, விற்காத புடவை ஒன்றின் மடிப்பில் ஒளித்து விமானத்தில் கொண்டுவந்தார். சுங்கத்தில் ஒன்றும் இல்லை என்று சொன்னார். அங்கிருந்த பெண் அதிகாரி முந்தானையைப் பார்க்க ஆசைப்பட்டுப் புடவையை விரித்தாராம். சங்கிலி தரையில் விழுந்தது. பறிமுதல் செய்துவிட்டார்கள்.

இங்கிலீஷில் மனு எழுத என்னைக் கூப்பிட்டார்கள்.

“பெருமாளுக்கு நேர்ந்துக்கினதுன்னு எழுது கண்ணு. சாமி காரியம்னா விட்டுடுவாங்க” என்றார் மாமா.

“சாமிக்குன்னா எதுக்கு மாமா ஒளிச்சி எடுத்துக்கினு வந்தீங்க?”

“பெரிய கலெக்டரு! சொல்றத எழுதுமா” என்று அப்பா அதட்டினார்.

எழுதினேன். மறைத்தது தவறு, அபராதம் கட்டுகிறேன், சங்கிலியைத் திருப்பித் தாருங்கள். அவ்வளவுதான். மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஏமாற்றியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

மாமா பேனாவை மூடி வைத்துவிட்டார். “தப்பு பண்ணேன்னு நானே எழுதிக் குடுக்கணுமா? சங்கிலியே வராம போயிட்டா?”

நான் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. அக்காதான் பேனாவைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள்.

“வராட்டி போவுது. போடு மாமா. கல்யாணம் எனக்குத்தானே?”

மாமா கையெழுத்துப் போட்டார். அப்பா என்னை முறைத்துவிட்டுப் படுக்கப் போனார். இப்போது விளக்கையும் அணைத்துவிட்டார். இந்த வரி இருட்டில் கோணலாகத்தான்…