நேசிக்கிறார் என்ற வரி

ரொசாரியோ, ஜனவரி 8, 1956
வெயில் மண்டையைப் பிளக்கிறது. காலை ஜெபத்தில், கடவுள் நம்மை மிகவும் நேசிக்கிறார் என்ற வரியில், ஓர் எழுத்தை விழுங்கிவிட்டேனாம். எங்கள் யூத ஜெபக்கூடத்தின் குரு ரபி கல்மான் எல்லார் முன்னாலும் நிறுத்தி மறுபடி சொல்ல வைத்தார். மனிதர் எழுத்துக்கு எழுத்து காவல் நிற்பவர். மகன் பெனி சிநேகிதர்களோடு படகில் தீவுக்குப் போயிருக்கிறான். ரொட்டியை மறந்துவிட்டான். "பசிச்சா தானா வருவான்" என்கிறாள் மனைவி டோரா.

ஜனவரி 9
படகு கவிழ்ந்துவிட்டது. மற்ற இருவரும் கரையேறினார்கள். பெனி மூழ்கியதைக் கண்ணால் பார்த்தார்களாம்.

அவனுக்கு நீச்சல் தெரியுமே.

ஜனவரி 10
பரானா ஆற்றில் தேடுகிறார்கள். உடல் கிடைக்கவில்லை. விடிந்ததும் பழக்கத்தில் ஜெபநூலை எடுத்தேன். வீட்டுக்கு வந்திருந்த ரபி கையைப் பிடித்தார். "அடக்கம் முடியற வரைக்கும் நீங்க ஜெபிக்கக் கூடாது, நவும். அதான் சட்டம்." ரொட்டிக்கு நன்றிகூடச் சொல்லக் கூடாதாம். விடுப்பு! யாருக்கு — எனக்கா, கடவுளுக்கா? உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜனவரி 12
ஒன்றும் இல்லை.

ஜனவரி 15
ரபி வந்தார். உட்காரவில்லை. "உடல் இனி கிடைக்காதுன்னு நீங்க ரெண்டு பேரும் நம்பிக்கையை விட்டுட்டா, அன்னையிலேர்ந்து துக்கம் தொடங்கிடும். அப்புறம் நீங்க ஜெபிக்கலாம்."

டோரா அடுப்பை விட்டு வந்தாள். "அப்ப கடவுளைப் புகழணும்னா நான் என் புள்ளையைக் கைவிடணுமா?"

ரபி தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். பாதி தரையில் சிந்தியது.

ஜனவரி 18
மீனவர்கள் கொண்டுவந்தார்கள். இடுப்புவாரை வைத்துத்தான் அடையாளம் சொன்னேன். நான் வாங்கித் தந்தது. மாலையே அடக்கம். குழியருகே துக்க வழக்கப்படி சட்டையைக் கிழிக்கச் சொன்னார்கள், கிழித்தேன். பத்தொம்பது வயசுப் புள்ள. என்ன அன்பு இது? சொல்லேன், கடவுளே — என்ன அன்பு இது?

ஜனவரி 19
விடுப்பு முடிந்தது. துக்க வீட்டில் ஜெபத்தை நடத்த வேண்டியவன் துக்கக்காரன்தான். விடிகாலையில் ஆண்கள் கூடிவிட்டார்கள், முன்னால் நின்றேன். கடவுள் நம்மை மிகவும் நேசிக்கிறார் என்ற வரி வந்தது. வாய் வரவில்லை. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. தெருவில் டிராம் போயிற்று.

சமையலறையிலிருந்து டோராவின் குரல். "அதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க."

விட்டுவிட்டேன். அடுத்த வரியிலிருந்து சொன்னேன். நிறுத்தப் போகிறார் என்று ரபியைப் பார்த்தேன்.

நிறுத்தவில்லை. முடித்ததும் எல்லாரையும்விட உரக்க "ஆமென்" என்றார்.