வலப்பக்கத்திலிருந்து இறுக்கிய பதினொரு நட்டு

786

கல்முனைக்குடி
18.04.1982

அன்பு மகன் பழீல் அறிவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உம்மாவும் தங்கச்சி கமீலாவும் அல்லாஹ்வின் உதவியால் நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம், அந்தக் குவைத் வெயிலில் உன் உடம்புக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று ஐந்து நேரமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். உறையின் மேல் என் கையெழுத்தைக் கண்டதும் திடுக்கிட்டிருப்பாய். பயப்படாதே, ஒருவரும் மௌத்தாகவில்லை. மூன்று வருடமாக இந்த வீட்டிலிருந்து உனக்கு வந்ததெல்லாம் உம்மா சொல்லக் கமீலா எழுதியது, அடியில் வாப்பாவின் சலாம் என்று ஒரு வரி இருக்கும், நீயும் பதிலுக்கு வாப்பாவுக்கும் சலாம் என்று ஒரு வரி போடுவாய், வாடகைக் கார்கள் நிற்கும் ஹயர் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத இரண்டு பேர்கூட இதைவிட நாலு வார்த்தை கூடக் கதைப்பார்கள். இதை நானே எழுதுகிறேன். கமீலா எழுதித் தருகிறேன் என்றுதான் வந்தாள், உம்மா விடவில்லை, அறைஞ்ச கையாலேயே எழுதட்டும் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியையும் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் என்னோடு முகம் கொடுத்துக் கதைத்து இன்றைக்கு ஒன்பது நாள்.

வீட்டுச் செய்தி முதலில். சாகாமத்து வயலில் பெரும்போகம் நன்றாக விளைந்தது, நெல் வீட்டுக்கு வந்துவிட்டது, சிறுபோகத்துக்கு உழவு தொடங்கியாயிற்று, குளத்தில் தண்ணீர் இருக்கிறது. கமீலாவின் கலியாணம் நோன்புப் பெருநாள் கழித்து இரண்டாவது வெள்ளிக்கிழமை என்று முடிவாகிவிட்டது, அதை நீ அறிவாய். லீவு தரமாட்டார்கள், வர ஏலாது என்று நீ எழுதிய கடிதம் போன மாதம் வந்தது. கமீலா அதை உரத்து வாசித்தாள், வாசித்து முடித்ததும் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை வாசலுக்கு வந்து நின்றால் காலைக் கழுவி உள்ளே கூட்டிவர அவளுக்கு ஆண் சகோதரம் நீ ஒருவன்தான், அது இளையவன் செய்கிற வேலை, நீ மூத்தவன் என்றாலும் அந்தத் தண்ணீர்ச் செம்பை வேறு யார் தூக்குவது. உனக்கு லீவு கிடைக்காதது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நீ வராததற்குக் காரணம் உன் அறபி முதலாளியல்ல, நான்தான் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம், சுற்றி வளைக்காமல் எழுதவேண்டும் என்று இருந்தேன், பார், அதற்குள் ஒரு பக்கம் போய்விட்டது.

நம்முடைய ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் காரின் கதை கமீலா எழுதித் தெரிந்திருப்பாய். மூன்று வருடமாகவே அதற்குச் சூட்டு வருத்தம்தான், பத்து மைலுக்கு ஒருதரம் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் ஓடினேன், டிக்கியில் சாமான் வைக்க இடமில்லை, முழுக்கத் தண்ணீர்ப் போத்தல். போன மாசி மாதம் நிந்தவூரில் வைத்து ஒரேயடியாக நின்றுவிட்டது. டிரக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தேன். எல்லாரும் விற்றுத் தொலை என்றார்கள். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று உனக்குத் தெரியும், விற்கச் சொன்னவர்களோடு எல்லாம் சண்டை பிடித்துவிட்டு, கொட்டிலுக்குள் விட்டு என்ஜினின் மேல்மூடியை, அந்த ஹெட்டை, நானே கழற்றினேன். ஹெட்டுக்குக் கீழே வைக்கும் கேஸ்கட் தகடு இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் கருகிக் கிடந்தது. அதை நான் முன்பும் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் அதே இடத்தில்தான் கருகும், நான் புதுக் கேஸ்கட் போட்டு இறுக்குவேன், மூன்று மாதம் ஓடும், மறுபடி அதே இடம். இந்த முறை ஸ்டாண்டில் என்னோடு கார் ஓடும் மக்கீன் பொறுக்கமாட்டாமல் காரைதீவிலிருந்து இராசதுரை என்ற ஒரு ஆளைக் கூட்டி வந்தான். சீனித் தொழிற்சாலை வேக்சொப்பில் மெசின் திருத்திப் பதினைந்து வருடம் வேலை செய்தவர், மெல்லிய ஆள், கூடக் கதைக்கமாட்டார்.

வந்தவர் ஹெட்டைத் திருப்பிப் போட்டு, ஒரு இரும்பு அடிமட்டத்தைக் குறுக்கே வைத்து, சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாளைக் கிழித்து அதற்குக் கீழே விட்டுப் பார்த்தார். இரண்டு கரையிலும் தாள் இறுகி நின்றது, நடுவில் வைத்தால் சும்மா வழுக்கிக்கொண்டு இந்தப் பக்கத்தால் போய் அந்தப் பக்கத்தால் வந்தது. ஹெட் கூனிப் போச்சு காக்கா என்றார், நம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரியே. அது ஏன் கூனுகிறது, இரும்புதானே என்று நான் சண்டைக்குப் போனேன். அவர் கோபிக்கவில்லை. நீங்க எப்பிடி இறுக்கின எண்டு ஒருக்காக் காட்டுங்க என்றார். இதில் காட்ட என்ன இருக்கிறது என்று ஸ்பேனரை எடுத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, வலப்பக்கத்துக் கடைசி நட்டில் தொடங்கி ஒவ்வொன்றாக இடப்பக்கம் வரைக்கும் பதினொன்றையும் இறுக்குவதுபோலச் செய்து காட்டினேன். ஒவ்வொன்றையும் கடைசி மட்டும் இறுக்கிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவேன், அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. எப்பவும் இப்பிடித்தானா என்று கேட்டார். ஓம், எப்பவும் இப்படித்தான், தொழப் பள்ளிக்குள் போவதும் வலக்கால், தின்பதும் வலக்கை, ஒளு எடுத்துக் கை கால் கழுவுவதும் வலப்பக்கம் முதல், ஒரு நல்ல காரியத்தை இடப்பக்கத்தாலா தொடங்குவார்கள் என்று கேட்டேன்.

அந்த மனிதர் சிரிக்கவில்லை, மகன். மக்கீன்தான் தொப்பி கழன்று விழுமளவுக்குச் சிரித்தான். இராசதுரை சொன்னார், காக்கா, ஹெட்டை நடுவால இறுக்கோணும், நடு நட்டுல தொடங்கி இங்கால ஒண்டு அங்கால ஒண்டு எண்டு கரைக்குப் போகோணும், அதையும் ஒரேயடியா இறுக்கப்படாது, மூண்டு சுத்தா இறுக்கோணும், ஒரு கரையால நெரிச்சுக்கொண்டு போனா நடு ஒழுங்கா இருக்காது, அதுக்குள்ள சூடும் பட்டா கூனித்தான் போகும் என்று. நான் வாயைத் திறக்க முன்னமே, பிஸ்மி சொல்லுங்க, அது நல்லந்தான், நடுவால சொல்லுங்க என்றார். பிறகு சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். எப்பயிருந்து கொதிக்குது? நான் கணக்குப் பார்த்தேன். எழுபத்தெட்டில் சூறாவளி அடித்துக் கொட்டிலின் மேல் தென்னை விழுந்து என்ஜினுக்குள் மழைத்தண்ணீர் போனதே, அப்போதுதான் முதன்முதல் நான் ஹெட்டைக் கழற்றிப் பூட்டினேன். அதற்கு முன் அந்தக் கார் ஒருநாள்கூடக் கொதித்ததில்லை. பூட்டி இரண்டு மாதத்தில் நீ பொத்துவில் கலியாணத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனாய். கோமாரியில் கொதித்து நின்றது. அந்த நேரம் என் கையிலிருந்த ஸ்பேனரை நான் கீழே வைத்ததுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

அன்றைக்கு நீ சொன்னது ஒவ்வொரு சொல்லாக எனக்குக் காதில் கேட்கிறது. தண்ணி ஊத்தித்தான் போன நான் வாப்பா, ரேடியேட்டருக்குள்ள குமிழ் குமிழா வருது, உள்ளுக்க என்னமோ பிழை என்றாய். மூடியைத் திறந்து பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும், நெருப்பின் புகை தண்ணீருக்குள் போய்க் குமிழ் விடுகிறது, கேஸ்கட் விட்டுப்போனது என்று. நான் பார்க்கவில்லை. ஸ்டாண்டில் அத்தனை டிரைவர்மாரும் பார்த்துக்கொண்டு நிற்க, தண்ணீர் பார்க்காமல் காரை எரித்துவிட்டு வந்து பொய் சொல்கிறாயா என்று கேட்டு உன் கன்னத்தில் அறைந்தேன். இருபத்திமூன்று வயது ஆம்பிளைப் பிள்ளைக்கு. நீ சாவியைப் பொனட்டின் மேல் வைத்துவிட்டு நடந்தாய், அதன் பிறகு அந்தக் காரின் கதவைக்கூடத் தொடவில்லை. குவைத்துக்குப் போகிற அன்றும் பஸ்ஸில்தான் கொழும்புக்குப் போனாய். அந்த பஸ் நம் ஹயர் ஸ்டாண்டைத் தாண்டிப் போனபோது நான் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டயரில் ஒரு பிழையும் இல்லை. நீ ஜன்னலால் பார்த்தாயோ இல்லையோ எனக்குத் தெரியாது, இன்றுவரை அதைக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

இராசதுரை வந்து பார்த்த அன்று மத்தியானம் உம்மாவிடம் போய் விசயத்தைச் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள், கத்தியை வைத்துவிட்டு, என்ட புள்ள பொய் சொல்ல மாட்டான் எண்டு அண்டைக்கே சொன்ன நான், நீங்க என்னையும் ஏசின நீங்க, இனி எனக்குச் சொல்லி என்ன, அவனுக்குச் சொல்லுங்க என்றாள், அவ்வளவுதான், அன்றிலிருந்து கதையில்லை. அடுத்த நாள் காலை நான் ஸ்டாண்டுக்குப் போனேன். எல்லாரும் இருக்கும் நேரம் பார்த்துத்தான் போனேன். மூன்று வருடத்துக்கு முன்பு இந்த இடத்தில் என் மகனை அறைந்தேன், பிழை அவனுடையதல்ல, என்னுடையது, பொய் சொன்னதும் அவனல்ல என்று உரத்துச் சொன்னேன். மக்கீன், நீ எங்களுக்கிட்டச் சொல்ற, அடி வாங்கினவன் குவைத்துல இருக்கான் என்றான். அவன் சொன்னது சரிதான்.

ஹெட் வேலையும் முடிந்தது. மட்டக்களப்புக்குக் கொண்டுபோய் மெசினில் சீவலாம் என்றார்கள், நான் வீட்டிலேயே செய்தேன், என் கையால் கூனினது என் கையால் நிமிரட்டும் என்று. அலுமாரிக் கதவின் தடித்த கண்ணாடியைக் கழற்றி வாங்கில் படுக்கப் போட்டு, அதன் மேல் அரத்தாளை ஒட்டி, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து ஆறு நாள் தேய்த்தேன், தோள் இரண்டும் கழன்று போயிற்று. கண்ணாடியைக் கேட்டபோது உம்மா தானே வந்து ஒரு பக்கம் பிடித்துத் தூக்கித் தந்தாள். இராசதுரை பின்னேரங்களில் வந்து வால்வுகளை அரைத்துத் தந்தார், வெள்ளித் தாளை விட்டுப் பார்ப்பார், இன்னும் கொஞ்சம் என்பார், போய்விடுவார். ஏழாம் நாள் தாள் எந்த இடத்திலும் நுழையவில்லை. நடு நட்டில் பிஸ்மி சொல்லி இறுக்கினோம். கார் ஸ்டார்ட் ஆன சத்தத்தைக் கேட்டு உம்மா குசினி அடுப்படியிலிருந்து வாசலுக்கு வந்து நின்றாள், மகன், அது புதுக் கார் போலச் சத்தம் போடுகிறது. சாகாமத்துக்குப் போய் வந்தேன், ஒரு போத்தல் தண்ணீர்கூடத் தேவைப்படவில்லை.

பழீல், நான் உனக்கு அநியாயம் செய்துவிட்டேன். வாப்பா மகனிடம் மாப்புக் கேட்பதா என்று இத்தனை நாளும் என் பெருமை விடவில்லை, இப்போது கேட்கிறேன், என்னைப் பொறுத்துக்கொள். நாளைக்கு மறுமையில் நீ என் கையைப் பிடித்து நிறுத்துவாய் என்ற பயம் ஒரு பக்கம், அதற்கு முன்னமே இந்த வீட்டில் உன் பாய் சுருட்டி வைத்தபடி கிடப்பதைப் பார்க்க எனக்கு ஏலவில்லை என்பது மறுபக்கம். உன்னால் உடனே பொறுக்க முடியாவிட்டாலும் நான் கோபிக்கமாட்டேன், எனக்கே மூன்று வருடம் பிடித்தது.

இனி ஒரு விசயம். ஹெட் பூட்டி ஐந்நூறு மைல் ஓடியபின் நட்டுகளை இன்னொரு தரம் இறுக்கவேண்டும், அப்போதுதான் வேலை முடிந்ததாகக் கணக்கு. அந்த நேரம் தான் வந்து இறுக்கித் தருவதாக இராசதுரை சொன்னார், வேண்டாம், அதற்கு ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சாகாமத்துக்குப் போய் வந்தது ஐம்பது மைலுக்குக் கொஞ்சம் குறைவு. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய் வர நானூற்றைம்பது. அதற்கு இடையில் ஒரு ஹயரும் எடுக்கமாட்டேன், கார் கொட்டிலுக்குள் நிற்கிறது, ஸ்பேனரை உம்மா அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறாள். உன்னைக் கொண்டுபோய் விடாதவன் கூட்டிவரவாவது போகவேண்டாமா? லீவை எப்படியாவது கேட்டுப் பார், பத்து நாள் என்றாலும் போதும், வரும் திகதியை மறக்காமல் எழுது. நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதே, அங்கே ஒருவரோடும் கோபத்தில் கையை நீட்டாதே, அந்தப் பழக்கம் இந்தக் குடும்பத்தில் என்னோடு போகட்டும். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் உண்ண உடுக்க நல்ல ரிஸ்க்கையும் தந்து, நல்லபடியாக எங்கள் வாசலில் கொண்டுவந்து சேர்ப்பானாக, ஆமீன்.

வந்த அடுத்த நாள் காலை அந்தப் பதினொன்றையும் நீ இறுக்கு மகன். நான் பக்கத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

உன் வாப்பா,
அ. முகைதீன்பாவா