மூன்றாம் ஓலை

குடிபாலா, 1954

வாத்தியாருக்கு,

எழுத்து நீங்கள் கற்றுத் தந்தது. பிழை இருந்தால் உங்களையே சேரும்.

உங்களைக் கட்டிக்கொள்ளத்தான் ஞானஸ்நானம் எடுத்தேன். பெற்ற நைனா அன்றைக்கே என்னைத் தலைமுழுகினார். ஆந்திரா பிரிந்த மாதம் திருப்பதியில் வேலை என்று போனீர்கள். சித்திரையில் பிள்ளை பிறந்து ஏழாம் நாள் செத்தது. தகப்பன் பேர் கேட்டார்கள், நான் சொல்லவில்லை.

போன ஞாயிறு கோயிலில் உங்களுக்கும் உபதேசியார் மகளுக்கும் கலியாண அறிவிப்பு, மூன்று ஓலையில் இரண்டாம் ஓலை. பாதிரியார் தமிழிலும் வாசித்தார், தெலுங்கிலும் வாசித்தார். யாருக்காவது தடை உண்டா என்றதும் கோயிலே என்னைப் பார்த்தது.

பக்கத்திலிருந்த சுந்தரம்மா கிள்ளினாள். “எய்ந்து சொல்லேன்டி, வாயில இன்னாத்த வச்சிக்கினு கீற?”

மூன்றாம் ஓலைக்கும் எழாதே என்று ஆள் அனுப்பினீர்கள். பயம் வேண்டாம், எழ மாட்டேன். உங்களுக்காக வந்த கோயில்தான் இது. ஆனால் பிள்ளையை மண்ணில் வைத்த அன்றைக்கு என்னை விட்டுப் போகாதவர் கர்த்தர் ஒருவர்தான். இனி அவரை நான் விடுவதாக இல்லை.

உங்களை மன்னித்துவிட்டேன். கலியாணம் முடிந்ததும் அதை உங்கள் பெண்சாதியிடம் சொல்வேன், அவ்வளவுதான். எதற்காக மன்னித்தேன் என்று அவள் கேட்பாள். அதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையைப் பெற்றவள்