கை நனைத்துப் போன மழைநாள்

தாயில்பட்டி
ஐப்பசி 28, 1964

அன்பு மகள் குருவம்மாளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அய்யா, தங்கச்சி வெள்ளைத்தாய், வெள்ளாடு, அடைக்கோழி எல்லாரும் சுகம். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, இருமல் இல்லாமல் சுகமாக இருக்கிறாய் என்று மாரியாத்தாளை நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இருமல் இன்னும் போகவில்லை என்றால் ஒளிக்காமல் எழுது. ஆஸ்பத்திரியில் ஊருக்கெல்லாம் மருந்து கலந்து கொடுக்கிற படிப்புப் படிக்கிறவள், தனக்கு ஒரு வாய் ஊற்றிக் குடிக்காமல் இருந்தால் கேட்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா. தீபாவளிக்கு நீ வராதது எனக்கு வருத்தம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் பரீட்சையில் முதலாவதாக வந்திருக்கிறேன் என்று நீ எழுதின காகிதம் வந்ததும் அந்த வருத்தம் போன இடம் தெரியவில்லை. உன் அய்யா அதைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, கம்பெனியில் லோடு ஏற்றுகிறவரில் தொடங்கி கணக்கப்பிள்ளை வரை எல்லாரிடமும் காட்டிவிட்டார். நான் அது தெரியாமல் சட்டையோடு சேர்த்துத் துவைத்துவிட்டேன். அதற்கு மனுசன் ரெண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுபடி ஒரு காகிதம் அதே மாதிரி எழுதி அனுப்பு, எனக்காக.

சீசன் முடிந்து வெடிக் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். மழை விட்டு வெயில் முகம் காட்டினால்தான் இனிமேல் வெடி காயும், அதுவரை எல்லாருக்கும் வீடுதான். ஆடி ஆவணியில் இருந்து இருட்டோடு போய் இருட்டோடு வந்துகொண்டிருந்த உன் அய்யாவைப் பகல் வெளிச்சத்தில் முழுசாகப் பார்த்து எத்தனை காலம் ஆச்சு தெரியுமா, தலையில் அம்புட்டு நரை. எனக்கும் கம்பெனியில் வெடித்திரி கிள்ளின கறுப்பு இப்போதுதான் விரலை விட்டுப் போகிறது. கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, அந்தக் கையால் ஆசை ஆசையாகச் சமைக்கிறேன். சீசனில் என்னத்தைச் சமைத்தோம், பழைய கஞ்சியும் வெங்காயமும் தானே. இப்போது ஒரு நாள் உளுந்தங்களி கிண்டிக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊற்றினேன், ஒரு நாள் சாத்தூர்க் காராச்சேவு வாங்கி வந்து குழம்பில் போட்டேன், ஒரு நாள் கேப்பை அடை. அரிசி கடையில் கண்ணில் படவில்லை, வைத்திருக்கிற கடைக்காரர் எட்டாத விலை சொல்கிறார், கிடக்கட்டும், நமக்குக் குதிரைவாலி இருக்கிறது. உன் அய்யா அடுப்புப் பக்கத்தில் குந்திக்கொண்டு உப்புப் பார்க்கிறேன் உறைப்புப் பார்க்கிறேன் என்று பாதிக் குழம்பைக் குடித்துவிடுகிறார். வெள்ளைத்தாய், அய்யாவைக் கம்பெனியில் சேர்க்கிற மாதிரி சமையல்கட்டிலும் பேர் பதிந்து சம்பளம் கொடுத்துவிடலாம் என்கிறாள். வாய் அவளுக்கு உன்னைவிட நீளம்.

சாயங்காலம் மழை விட்டு வெறித்தால் மூன்று பேரும் கண்மாய்க் கரை வரைக்கும் காலாற நடந்துவிட்டு வருகிறோம். தெருவில் இதற்கே ஒரு பேச்சு. வேலைக்குப் போகிறவள் நடப்பாள், தண்ணிக்குப் போகிறவள் நடப்பாள், சும்மா எவளாவது புருசனோடு நடப்பாளா என்று கேட்டிருக்கிறாள் எதிர்வீட்டுக்காரி. உன் அய்யா விடுவாரா, "எம் பொஞ்சாதி கூட நடக்காம ஒம் புருசன் கூடயா நடக்கச் சொல்ற" என்று கேட்டுவிட்டார். அவள் அன்றைக்குக் கதவைச் சாத்தினவள்தான். கரிசல் மண் ஒவ்வொரு காலிலும் ஒரு சட்டி கனத்துக்கு அப்பிக்கொள்கிறது, நடந்தால் நடை, வழித்துப் போட்டால் ஒரு அடுப்புப் போடலாம். ஆனாலும் கம்மங்கதிர் வாசமும் ஈரக்காற்றும், அய்யா ஒரு பக்கம் தங்கச்சி ஒரு பக்கம், எனக்கு வேறு என்ன வேண்டும், நீ ஒருத்திதான் குறை.

இனிமேல்தான் விஷயம், நிதானமாகப் படி. நம் மொக்கைச்சாமி மாமா, அதுதான் கல்யாணம் பேசி முடிக்கிறவர், தீபாவளி சமயத்தில் உனக்கு ஒரு இடம் சொன்னார். சாத்தூர்ப் பக்கத்து ஆட்கள். பையன் பேர் சண்முகவேல், சிவகாசியில் அச்சாபீஸில் மிஷின் ஓட்டுகிறான், தகப்பன் இல்லை, தாய் மட்டும்தான். உன் அய்யா, முதலில் பிள்ளைக்கு எழுதிக் கேட்போம், பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டார். நானும் எழுத இருந்தேன். அதற்குள் போன வெள்ளிக்கிழமை கண்மாய் நிரம்பி மறுகால் பாய்கிறது என்று ஊரே பார்க்க ஓடியது, நாங்களும் போனோம். பாதைக்குக் குறுக்கே தண்ணீர் முழங்காலுக்கு ஓடுகிறது. அந்தக் கரையில் ஒரு அம்மாவும் ஒரு பையனும் இறங்கவா வேண்டாமா என்று நின்றார்கள். உன் அய்யா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, அந்த அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார், பையன் பின்னாலேயே வந்தான். எந்த ஊர், யார் வீட்டுக்கு என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா நான்? கேட்கவில்லை. சேலையைப் பிழிந்துகொண்டு நின்ற அந்த அம்மா, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டதுதான் தாமதம், என் வாய் திறந்துகொண்டது. "இவ சின்னவ. மூத்தவ மெட்ராஸ்ல இருக்கா, அங்கன மருந்து கலக்குறா, மருந்து கலக்குறதுல அவதான் முதலு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன். அந்த அம்மா முகம் செத்துப்போனது. நல்ல சேதி கேட்டால் பொறுக்காத ஜென்மம் போல என்று நான் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். பிறகு அந்தப் பையன்தான், தங்கச்சாமி அண்ணன் வீடு எது என்று உன் அய்யாவிடமே கேட்டான். வந்தவர்கள் அவர்கள்தான். மழையில் அச்சாபீஸ் லீவு என்று, சொல்லாமல் கொள்ளாமல் பெண் இல்லாத வீட்டுக்குப் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். அந்த அம்மா பேர் கருப்பம்மாள்.

வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வந்து உட்காரவும் மழை பிடித்துக்கொண்டது, நம் வீட்டுக்குள்ளும் கொஞ்சம், அந்த ஒழுகுகிற மூலையில் சட்டி வைத்தேன். அன்றைக்கு என் அடுப்பில் குதிரைவாலிச் சோறும், மொச்சைப்பயறு போட்ட கருவாட்டுக் குழம்பும். பெண் கேட்டு வந்தவர்களுக்குப் போடுகிற சாப்பாடா அது? இருந்தாலும் ஈரத்தோடு வந்தவர்களைப் பட்டினி போட முடியுமா, இலையைப் போடவா என்று கேட்டேன். அந்த அம்மா, "இருக்கட்டும் மதினி, நாங்க கை நனைக்கல" என்று சொல்லிவிட்டார்கள். உனக்குத் தெரியும், பெண் வீட்டில் கை நனைக்கவில்லை என்றால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம், வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. சரி, அது அவர்கள் இஷ்டம். ஆனால் ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தேன், அதையும் வாங்கிக் கீழே வைத்துவிட்டார்கள். எனக்கு வந்ததே கோபம். என் மகளுக்கு என்ன குறை கண்டாள் இவள், எம்புட்டுப் படித்த பிள்ளை, இவள் வீட்டு வாசலில் நானா போய் நின்றேன் என்று சமையல்கட்டில் அகப்பையை அகப்பை என்று பார்க்காமல் டங்கு டங்கு என்று போடுகிறேன். வெளியே மழை விடமாட்டேன் என்கிறது, எழுந்து போகவும் வழியில்லை, குழம்பு வாசம் வீடெல்லாம் நிறைந்து நிற்கிறது, அந்தப் பையன் பாவம் எச்சிலை விழுங்கிக்கொண்டு கூரையைப் பார்க்கிறான்.

அப்போது வெள்ளைத்தாய் உள்ளே ஓடிவந்து என் சேலையைப் பிடித்து இழுக்கிறாள். அந்த அம்மா மகனிடம் மெதுவாகச் சொன்னதைக் கேட்டிருக்கிறாள். "குணம் நல்ல குடும்பமாத்தான் தெரியுது, ஆனா மருந்துல கை வைக்கிற பொண்ணு நம்ம வீட்டுக்கு வேண்டாம்லே, எந்தம்பியக் கொண்டுபோனது போதும்" என்றார்களாம். எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். நம் ஊரில் மருந்து என்றால் யாருக்கு ஆஸ்பத்திரி நினைப்பு வரும்? வெடிக் கம்பெனியில் மருந்து அறையில் அலுமினியப் பொடியும் கந்தகமும் கலக்கிற வேலை என்று நினைத்துவிட்டார்கள். மெட்ராஸிலும் நம்மைப் போல் ஒரு வெடிக் கம்பெனி, அதில் மருந்து கலக்குவதில் என் மகள்தான் முதல் என்று நானே பீற்றியிருக்கிறேன். அகப்பையோடு வெளியே ஓடி, "அய்யோ மதினி, அது வெடிமருந்து இல்ல, குடிமருந்து, ஆஸ்பத்திரியில சீசாவுல ஊத்திக் குடுப்பாகள்ல அது" என்று கத்தினேன். உன் அய்யா சிரித்த சிரிப்பில் அடைக்கோழி எழுந்து ஓடிவிட்டது. அந்த அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தவர்கள் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டார்கள். "அப்ப உங்க பொண்ணு தீக்காயத்துக்குப் போடுற மருந்தும் கலக்குமா" என்று கேட்டார்கள். கலக்குவாள் என்றேன். அவர்கள் தம்பி பெத்தணன் மருந்து அறையில் கருகினபோது சாத்தூரில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை, மதுரைக்குக் கொண்டுபோகிற வழியில் ரயிலிலேயே போய்விட்டானாம். "ஒரு களிம்பு தடவி விட நாதி இல்லாமப் போனானே" என்று அந்த அம்மா அழுத அழுகையில் நானும் அகப்பையைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். குருவம்மா, நீ படிக்கிற படிப்பு இன்னதென்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. மாதத்துக்கு ஒரு முறை மெட்ராஸுக்குக் காகிதம் போடுகிறேனே தவிர, நீ எதைக் கற்றுக்கொள்கிறாய் என்று எனக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. அம்புட்டுப் பெருமையாக இருந்தது தாயி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சோத்தப் போடுங்க மதினி, கையக் கழுவிட்டு வாரேன்" என்று கருப்பம்மாள் எழுந்தார்கள். நான் இலையைத் தேடுகிறேன். அப்போது உன் அய்யா குறுக்கே போய் நின்றாரே பார்க்கணும். தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு கொடுக்காமல் நிற்கிறார். "கொஞ்சம் பொறுங்க தங்கச்சி. கை நனைக்கிறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லிடுறேன், பின்னால மனத்தாங்கல் வரக்கூடாது. எம் பொண்ணு படிப்ப முடிச்சு வேலைக்குப் போவா, கல்யாணம் முடிஞ்சாலும் அத விட மாட்டா. விருதுநகரோ சிவகாசியோ, ஆஸ்பத்திரி எங்கன இருக்கோ அங்கன போவா. அது ஒங்களுக்குச் சரிப்படாதுன்னா மழை விட்டதும் நானே தண்ணிக்கு அந்தப் பக்கம் கொண்டுவந்து விடுறேன்" என்கிறார். இப்படியா பேசுவது, கூடி வந்த நேரத்தில் இந்த மனுசன் கெடுத்துவிட்டாரே என்று அவர் முதுகைப் பார்த்து முறைக்கிறேன். அந்தப் பையன் தாயைப் பார்க்கிறான். கருப்பம்மாள் உன் அய்யா முகத்தையே பார்த்துவிட்டு, "வேலைய விடச் சொல்றதுக்காண்ணே நா அம்புட்டு அழுகை அழுதேன், செம்பக் குடுங்க" என்று பிடுங்காத குறையாக வாங்கிக் கையைக் கழுவினார்கள். சண்முகவேலும் கழுவினான். மூன்று தரம் குழம்பு வாங்கிக்கொண்டான், வெட்கப்பட்டுக்கொண்டேதான் வாங்கினான். கறுப்புதான், ஆனால் களையான முகம், அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும் உன் அய்யாவிடம், உங்களுக்குப் படிக்கப் பிடித்தால் அச்சாபீஸில் இருந்து புத்தகம் கொண்டுவந்து தருகிறேன் என்று வடக்கே நீ இருக்கிற திசையைப் பார்த்து, உனக்குச் சொல்கிற மாதிரி சொன்னான்.

இலையை எடுக்கும் முன்னால் உன் அய்யா இன்னொன்றும் சொன்னார். "கை நனைச்சது நீங்க, சரி சொல்ல வேண்டியது அவ. அவ வேண்டாம்னுட்டா, மழைக்கு ஒதுங்கின சொந்தக்காரவுக ஒருநேரம் சாப்பிட்டுப் போனதா இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அவர்களும் தலையை ஆட்டினார்கள். ஆகவே உனக்கு யாரும் கயிறு கட்டவில்லை. அவர்கள் கொடுத்துவிட்டுப் போன பையனின் படம் இதோடு வைத்திருக்கிறேன். பிடித்தால் பிடித்தது என்று எழுது, பிடிக்காவிட்டால் அதையும் எழுது, மொக்கைச்சாமி மாமாவுக்குப் பதில் சொல்வது என் பாடு. அவசரம் இல்லை, ஆனால் பதில் வராமல் இருக்கவும் கூடாது. தலைக்கு எண்ணெய் வை, சனிக்கிழமை தவறாமல் குளி, ராத்திரி கண் விழித்துப் படித்தால் பால் வாங்கிக் குடி. மாரியாத்தாள் உன் கைக்கு நல்ல ராசியைக் கொடுக்கட்டும், நீ கலந்து கொடுக்கிறதைக் குடித்தவர்களெல்லாம் எழுந்து நடக்கட்டும், நீ நூறு வயசு நோய் நொடி இல்லாமல் இரு. அய்யா, வெள்ளைத்தாய் ரெண்டு பேரும் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்கள்.

ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். என்னை உன் அய்யாவுக்குப் பேச வந்த அன்று நான் வேலிக்குப் பின்னால் சாணி தட்டிக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் கை நனைத்துவிட்டு எழுந்து போன பிறகு, எச்சில் இலையை எடுக்கக் கூப்பிட்டார்கள். எடுத்துக்கொண்டு நிற்கும்போதுதான், உனக்குக் கல்யாணம் என்று எங்கள் அம்மா சொன்னாள். உன்னைக் கேட்டு நான் இந்தக் காகிதம் எழுதுகிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா
த. மூக்கம்மாள்