ஒரே பாலத்தின் அடியில்

செப்டம்பர் 3, 2018. திங்கள். மனாடோ

நான் எழுதிய கணினி நிரல் இன்று முழுதாக ஓடி முடிந்தது. நூற்றுப் பதினான்கு தொலைபேசி நிலையங்கள், நூற்று முப்பத்தொன்பது இணைப்புகள். ஒவ்வோர் இணைப்பையும் அறுத்துவிட்டு, மிச்சமிருப்பதை வைத்து எல்லா ஊரும் பேசிக்கொள்ள முடிகிறதா என்று தேடிப் பார்க்கும். முடியாவிட்டால் அதைச் சிவப்பில் காட்டும்.

சிவப்பு ஒன்றுகூட இல்லை. பிரிவுத் தலைவர் லெங்கோங் சாருக்கு ஏக சந்தோஷம். எனக்குத்தான் உதைக்கிறது. மழை தூறினாலே சிக்னல் போகிற தீவு இது. அவ்வளவு நல்ல வலையா நம்முடையது?

செப்டம்பர் 12

வரைபடத்தை நேரில் ஒத்துப்பார்க்கத் தொம்பாலு போய்வந்தேன். காரில் ஐந்து மணி நேரம், இடுப்பு கழன்றுவிட்டது.

அங்கே கேபிள் பார்த்துக்கொள்கிறவர் வென்ச்சே. ஓய்வுக்கு இரண்டு வருடம்தான் இருக்கிறது. என்னை ‘நோனா’ என்றுதான் கூப்பிடுகிறார், பள்ளிக்கூடப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி. வரைபடத்தில் தொம்பாலுவுக்கு இரண்டு வழி. கடற்கரையோரம் ஒன்று, மலைமேல் ஒன்று. எதை முதலில் பார்க்கலாம் என்று கேட்டேன்.

“ரெண்டையும் ஒரே இடத்துலயே பாத்துரலாம் நோனா. வாங்க.”

மொலுவோ ஆற்றுப் பாலத்துக்கு அடியில் இறங்கினோம். இரண்டு குழாய்கள், நடுவே ஒரு சாண் இடைவெளி. மலையில் மண் சரிந்த வருடம் அந்தக் கேபிளைத் தற்காலிகமாக இங்கே திருப்பினார்களாம். ஆறு வருடம் ஆயிற்று. வரைபடத்தில் இன்னும் மலைமேல்தான் போகிறது. நடுத்தூணின் அடியில் ஆறு அரித்து வைத்திருக்கிறது. கையை விட்டால் முழங்கை வரை உள்ளே போகிறது.

அவர் வீட்டில்தான் சாப்பாடு. பூசணிக்காய்க் கஞ்சியும் ரோவா மீன் சம்பலும். பாலத்தடிக் குழாயை மாற்றுவார்களா என்று அவர் மனைவி மெய்ஸ்கே கேட்டார். நான் எழுதுகிறேன் என்றேன்.

செப்டம்பர் 15

ஒவ்வோர் இணைப்பும் எந்தப் பாலத்தின் மேல், எந்தச் சாலையோரம் போகிறது என்பதையும் நிரலுக்குக் கொடுத்தேன். இப்போது இணைப்பை அல்ல, பாலத்தை அறுக்கச் சொன்னேன். இரண்டு கோடும் சேர்ந்தே போயின. தொம்பாலு தனியாக நிற்கிறது. பன்னிரண்டாயிரம் பேர்.

வலை பற்றிய அறிக்கையில் இதை ஒன்பதாம் பக்கமாகச் சேர்த்தேன்.

செப்டம்பர் 19

லெங்கோங் சார் கதவைச் சாத்தச் சொன்னார். கோபமெல்லாம் இல்லை, காபிகூடச் சொன்னார்.

“படத்துல ரெண்டு கோடு இருக்குல்ல டெய்சி?”

கோடு ரெண்டு, பாலம் ஒண்ணு சார் என்றேன்.

“பாலம் நம்மளுது இல்ல. வலை சரியா இருக்குன்னு இந்த வெள்ளிக்கிழமை சான்று ஜகார்த்தா தலைமை அலுவலகத்துக்குப் போகணும். ஒன்பதாம் பக்கத்த அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

அடுத்த வருடம் வரை பாலத்திடம் யார் சொல்லிவைப்பது? இதை அங்கேயே கேட்டிருக்கலாம். காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 21

எட்டுப் பக்கம். கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 30

வென்ச்சே போன் செய்தார். நோனா எழுதினது என்னாச்சு என்று கேட்டார். மேலே போயிருக்கிறது என்றேன். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது!

“அது போதும். நீங்க எழுதுனா நடக்கும்.”

ஜனவரி 22, 2019

மாலை நாலு பத்துக்குத் தொம்பாலுவின் இரண்டு இணைப்பும் ஒரே நொடியில் விழுந்தன. இரண்டும் எப்படி ஒன்றாகப் போகும் என்று கட்டுப்பாட்டு அறையில் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். மொலுவோ பாலம் போயிருக்கும், எனக்குத் தெரியும்.

ஜனவரி 23

மலையில் மழை விடவில்லை. மேலே அணையைத் திறக்கப்போகிறார்கள். தொம்பாலுவுக்குத் தகவல் சொல்ல வழியில்லை. போலீஸ் ரேடியோவும் எடுக்கவில்லை. நான்கூட வென்ச்சேயின் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தேன். கேபிள் அறுந்தது தெரிந்தவளே அழுத்துகிறேன். பைத்தியம் பிடிச்சிருச்சா எனக்கு?

ஜனவரி 26

தொம்பாலுவுக்குப் படகில் போன மீட்புக்குழு திரும்பிவிட்டது. சந்தைப் பக்கத்துத் தாழ்ந்த தெருக்களில் ஒன்பது பேர் வெள்ளத்தில் இறந்திருக்கிறார்கள். பத்தாவது ஆள் வென்ச்சே.

ஆறு ஏறுவதைப் பார்த்து, போனும் செத்துவிட்டதென்று மோட்டார் பைக்கை எடுத்துக்கொண்டு, வீடு வீடாகக் கதவைத் தட்டி ஆட்களை மேட்டுக்கு அனுப்பியிருக்கிறார். நாற்பது குடும்பம் அப்படித் தப்பித்திருக்கிறது. கடைசித் தெருவிலிருந்து அவர் வரவில்லை.

எழுதினா நடக்கும்னு சொன்னாரே. எழுதுனேனே நான். எழுதிட்டு நானே உருவி எடுத்தேனே.

பிப்ரவரி 18

விசாரணைக் குழு. ஒன்பதாம் பக்கத்தை எடுத்துப்போய் மேசைமேல் வைத்தேன். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டீர்களா என்று கேட்டார்கள். தெரிந்தேதான் என்றேன். லெங்கோங் சார் என் பக்கம் திரும்பவே இல்லை.

மார்ச் 11

குழுவின் முடிவு வந்துவிட்டது: ‘இயற்கைப் பேரிடர்.’ ஒன்பதாம் பக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. லெங்கோங் சாருக்கு ஜகார்த்தாவில் பெரிய பதவி. என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் ஏன் என்று எழுதவேண்டி வருமே. வாடிக்கையாளர் கவுண்டருக்கு மாற்றல்.

மார்ச் 23

தொம்பாலு. மெய்ஸ்கே உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றே ஒன்று கேட்டார்.

“மேல போயிருக்குன்னு அவர்கிட்டச் சொன்னீங்களே. போயிருந்துச்சா?”

இல்லை என்றேன்.

“அத நம்பிட்டு அவர் வேற யாருக்கும் எழுதல. நான் எழுதச் சொன்னேன்.”

கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

ஜூன் 17

காலையிலிருந்து பதினாறு டோக்கன். பதினோராவது மெய்ஸ்கே. என்னைப் பார்த்தார், வேறு கவுண்டர் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். இல்லை. உட்கார்ந்தார்.

வென்ச்சே பெயரிலிருந்த போன் எண்ணை ரத்து செய்யவேண்டும். காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். அது காலியாக இருந்தால் கணினி ஏற்காது.

நீங்களே எழுதிக்கோங்க என்றார்.

எழுதினேன்.