சங்கு ஊதினால் படுக்கணும்

மேல் லயம், தானா ராத்தா வழி
கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ரத்தினத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தங்கை சரோஜாவும் சுகமாக இருக்கிறோம் என்று எழுதித்தான் பழக்கம், கை அப்படியே எழுதிவிட்டது, அடிக்க மனமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, சோறு இறங்குகிறது, படுத்தால் தூக்கமும் வருகிறது. சிங்கப்பூரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க மாரியம்மாள் துணையிருக்கட்டும். உன் கடிதம் முந்தாநாள்தான் தபால் லோரியில் வந்து சேர்ந்தது. அப்பா இறந்த தந்தி கிடைத்ததும் கிளம்பித் தாப்பா வரைக்கும் வந்து, மலைப் பாதை சரிந்து கிடந்ததால் அங்கேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாய் என்று எழுதியிருந்தாய். கொள்ளி வைக்க முடியவில்லையே என்று மருகாதே, பக்கத்து வீட்டுக் கருப்பையா அண்ணன் உன் இடத்தில் நின்று வைத்தார். அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் வானிலை ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன், என் கணக்குத் தப்பித்தான் அப்பா செத்துப்போனார், இனி அந்த நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் இந்தப் பதில். போடா மடையா. உன் கணக்கு எங்கேயும் தப்பவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், படித்துவிட்டு அப்புறம் வேலையை விடு.

அன்று மத்தியானமே உங்கள் ஆபீஸ் சேதி வந்துவிட்டது. சீனக் கடல் பக்கமிருந்து பலத்த காற்றும் பெருமழையும் பொழுது சாய்வதற்குள் மலைக்கு வரும் என்று தானா ராத்தாவிலிருந்து போனில் சொன்னார்களாம். அதை எழுதி வாங்கித் தோட்டத் துரையிடம் கொடுத்த கிராணியே எனக்குச் சொன்னார். சொன்னபடிதான் வந்தது. பலூனில் பெட்டி கட்டி மேலே விடுகிறோம், அது மேல்காற்றைக் கம்பியில்லாமல் கீழே சொல்கிறது, கப்பல்காரர்களும் நடுக்கடலிலிருந்து சொல்கிறார்கள் என்று போன வருஷத் தீபாவளிக்கு வந்தபோது சொன்னாய் அல்லவா, அப்பா அதைத் தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். பிரிஞ்சாங்கில் பஷீர் பாய் கடையில் தேத்தண்ணி குடிக்கும்போதெல்லாம் ‘என் மவன் காத்துக்கே தேதி குறிக்கிறான்லா’ என்பார், பாயும் பாவம் ஒவ்வொரு தடவையும் புதுசாகக் கேட்கிற மாதிரி கேட்பார். முன்பெல்லாம் காற்று வந்து தகரத்தைத் தூக்கின பிறகுதான் நமக்குத் தெரியும். இந்தத் தடவை முன்னாலேயே தெரிந்துவிட்டது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

துரை மேலும் நான் சும்மா பழி போட மாட்டேன். மழை பிடித்ததும் எல்லாரும் மேட்டிலிருக்கிற தேயிலை ஸ்டோருக்குள் போய்விடட்டும், அது கல் கட்டடம், லயத்துக்கு எச்சரிக்கை கொடுங்கள் என்று காவலுக்கு நிற்கிற கார்டுக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார். அவர்கள் சங்கை ஊதிவிட்டார்கள். ஸ்டோர்ச் சங்கு இல்லை, வேலி கேட்டுக்குப் பக்கத்தில் இந்த வருஷம் வைத்த அபாயச் சங்கு, நீ பார்த்ததில்லை. காட்டிலிருக்கிற கம்யூனிஸ்ட்காரர்கள் துப்பாக்கியோடு வந்தால் ஊதுவதற்காக வைத்தது. அது ஊதினால் விளக்கை அணைக்கணும், கதவைக் கட்டணும், தரையோடு தரையாகப் படுக்கணும், யார் கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது. எங்களை முள்வேலிக்குள் கொண்டுவந்து வைத்த நாளிலிருந்து போலீஸ்காரர்கள் வாராவாரம் வந்து பழக்கினார்கள். நான் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகைப் பிள்ளைகள்கூட அதைத்தான் விளையாடும், ஒன்று ஊ என்று கத்தும், மற்றதெல்லாம் பொத்துப் பொத்தென்று விழும். காற்று மழைக்கு வேறு சத்தம் வேண்டும் என்று துரைக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

ஆக நாங்கள் மூன்று பேரும் படுத்தோம். அப்பா கதவைக் கம்பியால் முறுக்கிக் கட்டினார், நான் அடுப்பில் தண்ணீரைக் கொட்டினேன், சரோஜா அரிசி டின்னுக்குப் பக்கத்தில் சுருண்டுகொண்டாள். காற்று தகரத்தைப் பிய்க்கிற சத்தம் எங்களுக்குச் சுடுகிற சத்தமாகவே கேட்டது. அப்போது யாரோ கதவை உதைத்தார்கள். கருப்பையா அண்ணனுக்குக் காது மந்தம் என்று உனக்குத் தெரியும், சங்கு அவருக்குக் கேட்கவேயில்லை. ஆட்டைப் பிடித்துக் கட்ட வெளியே போனவர், லயத்துக்குப் பின்னால் வெட்டின மேட்டிலிருந்து சிவப்புத் தண்ணீர் பீறிட்டு வருவதைப் பார்த்துவிட்டு வீடு வீடாக உதைத்துக்கொண்டு வந்திருக்கிறார். ‘மண்ணு வருது, ஸ்டோருக்கு ஓடுங்க’ என்று கத்துகிறார். நான் எழுந்தேன். ‘படுடி, யாரு கூப்பிட்டாலும் தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல’ என்று அப்பா என் காலைப் பிடித்து இழுத்தார். கழுத்தில் கத்தி வைத்துக் கூப்பிடச் சொல்வார்கள் என்று போலீஸ் சொல்லிவைத்திருந்தது, அதுதான் அவருக்கு நினைப்பு. வெளியே ஆடு கத்தியது. ஆட்டை இழுத்துக்கொண்டு எவன் சுட வருவான் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கம்பியை அவிழ்த்து எங்கள் இரண்டு பேரையும் முன்னால் தள்ளிவிட்டு, குழாயடி வரைக்கும் கூடவே ஓடி வந்தார். அங்கே நின்று இடுப்பைத் தட்டிப் பார்த்தார். ‘ஐயையோ, அட்டை’ என்றார். ‘அடையாள அட்டை இல்லாம இருட்டுல ஓடினா கார்டுக்காரன் சுட்டுடுவான், நீங்க போங்க, தோ எடுத்துட்டு வந்துடறேன்’ என்று திரும்பினார். மண் வந்துவிட்டது. சத்தம் அப்படியொன்றும் பெரிதாக இல்லை, அரிசி மூட்டை சரிந்த மாதிரி இருந்தது. மறுநாள் தோண்டி எடுத்தபோது மூன்று அட்டையும் கைலி மடிப்பில் இருந்தன, எடுத்துவிட்டிருக்கிறார். என் படத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை ரத்தினம். கீழ் வீட்டு மணியம்மா என்னைக் கட்டிக்கொண்டு ‘அழுதுடுடி செல்லம், அழுதுடு’ என்று மாரில் அடித்துக்கொண்டாள், நான் அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். துக்கக்காரி வெளியே வரலாமா என்று சிலர் முனகினார்கள், அவர்களா பிள்ளைகளுக்குப் பால் கலக்கப் போகிறார்கள், நான் கொட்டகைக்குப் போய்விட்டேன். அப்பாவுக்குச் சுண்ணாம்பு தீர்ந்திருக்குமே என்று சரோஜாவைக் கூப்பிடுகிறேன், எதற்குக் கூப்பிட்டாய் என்று அவள் கேட்டால் ஒன்றுமில்லை என்கிறேன். துரை வந்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார், இனி என்ன செய்யலாம் என்று கிராணியை விட்டு எங்களைக் கேட்டார். கோபம் வரணும், அதுவும் வரவில்லை. இதற்குச் சங்கை ஊதாதீர்கள், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு அடிக்கிற தண்டவாளத்தை அடியுங்கள், அதைக் கேட்டால் இங்கே எல்லாருக்கும் கால் தானாக வெளியே வரும் என்றேன். சரி என்றார். அந்தச் சத்தம் கேட்டு ஓடுகிறவனிடம் அட்டை கேட்க மாட்டோம் என்று போலீஸ் அதிகாரியும் எல்லார் முன்னாலும் சொன்னார்.

நேற்று சாயங்காலம் ஒத்திகை வைத்தார்கள். தண்டவாளம் அடித்ததும் ஜனம் கதவைத் திறந்துகொண்டு ஓடியது, கருப்பையா அண்ணனை மட்டும் கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். நானும் ஓடினேன். பாதி மேட்டில் திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் சரோஜாவைக் காணோம். வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருக்கிறாள், அட்டையை எடுக்க. ஓடிப்போய் முடியைப் பிடித்து இழுத்து முதுகில் அறைந்தேன், அவள் அழுதாள், என் உள்ளங்கை இன்னும் எரிகிறது.

அதனால்தான் சொல்கிறேன், வேலையை விடாதே. நீ வந்து கொழுந்து மலையில் நின்றால் காற்று வராமலா போகும்? உங்கள் ஆபீஸ் பெரியவர்களிடம் சொல்லு, எத்தனை மைல் வேகம் என்று சொன்னால் லயத்தில் ஒருத்தருக்கும் புரியாது, எந்தச் சத்தம் கேட்டால் எங்கே ஓடணும் என்று தமிழிலும் மலாயிலும் ரேடியோவில் சொல்லணும். எதையும் எடுக்கத் திரும்பாதீர்கள் என்று கடைசியில் கட்டாயம் போடணும். அதைப் போடத் தெரிந்தவன் அங்கே நீ ஒருத்தன்தான் இருக்கிறாய்.

காரியத்தை உனக்காகத் தள்ளி வைத்திருக்கிறோம், பாதை ஒரு பக்கம் திறந்துவிட்டது, வந்து செய்துவிட்டு வேலைக்குத் திரும்பிப் போ. மலைக் குளிருக்குக் கம்பளிச் சட்டை எடுத்து வா. நீ நூறு வயசு நன்றாக இருக்கணும் என்று உனக்கு எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும். இரண்டு பேர் என்றே இருக்கட்டும். ஒன்றை மறக்காதே, உன் அட்டையை எந்நேரமும் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள், பெட்டியில் வைக்காதே. எங்கேயாவது மறந்து வைத்துவிட்டாலும் எடுக்கப் போகாதே.

உன் அம்மா
செல்லம்