ஜூலையில் இதற்கு என்ன பெயர்?

உல்ம்
மார்ச் 21, 1974

அடியே ஃப்ரீடா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாயிருந்தால் உன் கடிதம் நாலு வரியில் நின்றிருக்காது. படுக்கையை விட்டு எழவே முடியவில்லை என்கிறாய். வசந்தச் சோர்வுடி, வேறென்ன! பனி உருகினால் நம் பக்கம் பாதிப் பேருக்கு இதே கதைதான். ரொட்டி வாங்க வந்த தபால்காரர் நேற்று கடையில் நின்றபடியே தூங்கி விழுந்தார். "யோவ், மாவுல விழுந்தீர்னா சேர்த்துப் பிசைஞ்சிடுவேன்" என்றேன்.

சொல்வதைக் கேள். விடிந்ததும் குளியல் தொட்டியில் பச்சைத் தண்ணீர் நிரப்பி, நாரை மாதிரி காலைத் தூக்கித் தூக்கி நட. காட்டுப்பூண்டு இலை பறித்து சூப் வை. கசக்கி மோந்து பார்த்துப் பறி, பூண்டு வாசம் வராதது விஷச் செடி. ஈஸ்டருக்குள் ஜன்னலெல்லாம் துடைத்துவிடு. உடம்பு தானாக வழிக்கு வரும்.

உன் அக்கா
ரோஸ்விதா


டூபிங்கன்
ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னதைச் செய்தேன். தண்ணீரில் நடந்தேன். கால் மரத்துப் போனது. மற்றதெல்லாம் முன்பே மரத்திருந்ததால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சூப்பில் உப்புப் போட்டேனா என்று குடித்த பிறகும் தெரியவில்லை. ஒரு ஜன்னல் துடைத்தேன்.

மாடிப்படி கூட்டும் முறை எனக்கு. அதற்கான அட்டை என் கதவிலேயே தொங்குகிறது. நான் கூட்டினால்தானே அடுத்த வீட்டுக்குப் போகும். கீழ்வீட்டு ஹேபெர்லே அம்மா, "படியில உருளைக்கிழங்கு நடலாம் போலிருக்கே!" என்று கத்தினாள். எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

பள்ளியில் எல்லோரும், "வசந்தம்தான் டீச்சர், சரியாயிடும்" என்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். பெயர் தெரிந்த வியாதி என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

ஃப்ரீடா


உல்ம்
மே 23

ஃப்ரீடா,

இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. கோபமாடி? சந்தைக்கு வெள்ளை ஆஸ்பராகஸ் தண்டு கூடை கூடையாக வந்துவிட்டது. இன்னுமா உனக்கு வசந்தம் முடியவில்லை? சோர்வுக்கு இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும். விடுமுறைக்குக் கிளம்பி வா. அடுப்புப் பக்கத்தில் நிறுத்தி வேலை வாங்கினால் தூக்கமெல்லாம் பறந்துவிடும். இரண்டு வரியாவது எழுது.

ரோஸ்விதா


டூபிங்கன்
ஜூலை 4

அக்கா,

செர்ரிப் பழக் காலமே வந்துவிட்டது. இப்போது யாரும் வசந்தம் என்று சொல்வதில்லை. சோம்பேறி என்கிறார்கள். பள்ளிக்குப் போய் மூன்று வாரமாகிறது.

நேற்று ரொட்டி வாங்கப் போனவள் ஆற்றுப் பாலத்தில் நின்றுவிட்டேன். வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் வரவில்லை அக்கா. வராதது சரியில்லை என்று மட்டும் தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன்.

மார்ச்சில் நீ ஒரு பெயர் சொன்னாய். ஜூலையில் இதற்கு என்ன பெயர்?

ஃப்ரீடா


உல்ம்
ஜூலை 5, அவசரத் தபால்

என் கண்ணே ஃப்ரீடா,

பெயர் எனக்குத் தெரியாது. வசந்தமில்லை, சோம்பலில்லை, அது மட்டும் தெரியும். சாயங்காலத் தபாலில் வந்த உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உள்ளே ரொட்டி கருகிவிட்டது, கருகட்டும்.

உன் வீட்டில் போன் இல்லையே என்று ஹேபெர்லே அம்மாவைக் கூப்பிட்டு எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, "நான் மேல போய் அவகூட இருக்கேன், நீ சீக்கிரம் வந்து சேரு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். இதை நீ படிக்கும்போது பக்கத்தில்தான் இருப்பாள். திட்டுவாள், திட்டட்டும். கதவை மட்டும் சாத்திக்கொள்ளாதே.

கடைசி ரொட்டியை விற்கக்கூட நிற்கவில்லை, கடையைப் பூட்டிவிட்டேன். இன்றைக்கு இனி பயணிகள் ரயில் இல்லை, ராத்திரித் தபால் வண்டி மட்டும்தான்; அதில் இந்தக் கடிதம் எனக்கு முன்னே வந்துவிடும். நாளைக் காலை முதல் வண்டியில் வருகிறேன். நேரே டாக்டரிடம் போவோம். உனக்குப் பேச வராவிட்டால் நான் பேசிக்கொள்கிறேன்.

நீ தலை வார வேண்டாம், சமைக்க வேண்டாம், சிரிக்க வேண்டாம். நான் வருகிற வரைக்கும் இருடி. அது போதும் எனக்கு.

அக்கா